மேனேஜரும் காடும்

விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் ‘ஆரண்யக்’ நாவலைப் பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும், உடனே நிலவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆளரவமற்ற வெளியில் காயும் நிலவு, காட்டுப் பூக்களின் வாசனை, குதிரைமேல் தனியாகப் போகும் இளைஞன். த. நா. சேனாபதி ‘வனவாசி’ என்று தமிழில் தந்ததை நான் முதல் தடவை படித்தபோது எனக்கு இருபது வயது, வேலை கிடையாது. நானும் நிலவு வருகிற இடங்களாகப் பார்த்துப் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். போன மாதம் அதே பிரதியை மறுபடி எடுத்துப் படித்தேன். கோடு போட்டிருக்க வேண்டிய இடங்களை எல்லாம் தாண்டிப் போயிருக்கிறேன் என்று தெரிந்தது.

பி.ஏ. தேறிவிட்டு, கல்கத்தாவில் வேலையில்லாமல், மெஸ் பாக்கிக்குப் பயந்து திரிகிறான் சத்தியசரண். பழைய சிநேகிதன் ஒருவன் மூலம் பிகாரில் ஒரு ஜமீன் காட்டுக்கு மேனேஜராகப் போகிறான். அவன் வாழ்க்கைக்குப் போட்டிருந்த திட்டத்தில் காடு இல்லை. நூல் நிலையமும் நாடகமும் நண்பர் கூட்டமும் இல்லாமல் முதலில் மூச்சுத் திணறுகிறது. கச்சேரியில் இருக்கும் வயதான குமாஸ்தா, “கொஞ்ச நாள் பொறுங்கள். காடு உங்களைப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் ஜன சந்தடியே பிடிக்காது” என்ற தோரணையில் எச்சரிக்கிறார். அப்படியே ஆகிறது.

சாதாரண ஆசிரியர் கையில் கதை இங்கே முடிந்திருக்கும். பட்டணத்தில் தொலைத்த மனசை வனத்தில் கண்டெடுத்தான், சுபம். நம் கதைகளில் எத்தனை பேரைக் கொடைக்கானலுக்கும் குற்றாலத்துக்கும் அனுப்பி இப்படித் தெளிய வைத்து அழைத்து வந்திருக்கிறோம்! நானே இரண்டு பேரை அனுப்பியிருக்கிறேன். நாலாம் நாள் அருவியில் குளித்ததும் அவர்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அருவிக்கு அதனால் ஒரு நஷ்டமும் வரவில்லை. அதுதான் அந்தக் கதைகளின் குறை என்று இப்போது தோன்றுகிறது.

சத்தியசரண் காட்டைப் பார்க்கப் போனவன் அல்ல, குத்தகைக்கு விடப் போனவன். ஆயிரக்கணக்கான பிகா நிலத்தைக் குடிகளுக்குப் பிரித்துக் கொடுத்து, மரம் வெட்ட வைத்து, எஸ்டேட்டுக்கு வருமானம் காட்டுவதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். தனக்கு மறுபிறவி கொடுத்த இடத்தை அவன் கையெழுத்தே அழித்துக்கொண்டு வருகிறது. ஆசிரியருக்கு இது கேள்வி ஞானம் அல்ல. 1924-இல் அவர் பாகல்பூர்ப் பக்கம் ஒரு ஜமீன் எஸ்டேட்டில் வேலைக்குப் போனவர். ‘பதேர் பாஞ்சாலி’யை எழுதியதும் அங்கேதான். இந்தக் காட்டு வாழ்வைப் பற்றி எழுத வேண்டும் என்று 1928-இல் நாட்குறிப்பில் குறித்துக்கொண்டவர், அதைப் ‘பிரவாசி’ பத்திரிகையில் தொடராக எழுத வந்தது 1937-இல். நாவல் முழுவதிலும், நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்க்கிறவனின் குரல் கேட்கிறது.

ராஜு பாண்டே என்று ஒரு பாத்திரம். நிலவை விட்டுவிட்டு இந்த மனிதரிடம் நின்றிருக்க வேண்டும் நான். பரம ஏழை, இரண்டு பிகா நிலம் கேட்டு வருகிறார், சத்தியசரண் கொடுக்கிறான். காலம் கடந்தும் காடு திருத்தின பாடில்லை. என்னவென்று போய்ப் பார்த்தால் காலையில் பூஜை, பிறகு புஸ்தகம், பிறகு எதிரே இருக்கும் காட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது. நேரம் போய்விடுகிறது, என்ன செய்வது என்கிறார். சாப்பாடு புல்லரிசி. மேனேஜர் கணக்கில் இது சோம்பல். ஆனால் பக்கத்துக் கிராமத்தில் காலரா வந்தபோது பச்சிலையும் வேருமாக வீடு வீடாகப் போகிறவர் அவர்தான். அவருடைய பக்தி காட்டிலிருந்து அவர் பெற்றுக்கொண்டது அல்ல. வரும்போதே மடியில் கட்டிக்கொண்டு வந்தது. அதனால்தானோ என்னவோ, காட்டிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. சத்தியசரண் கேட்டான், பெற்றான், பதிலுக்குக் கொடுக்கத்தான் அவனிடம் ஒன்றும் இல்லை.

யுகலப்பிரசாத் இன்னொரு விதமான பைத்தியம். எங்கிருந்தோ பூச்செடிகளையும் விதைகளையும் கொண்டுவந்து சரஸ்வதி குண்டி என்ற ஏரிக்கரைக் காட்டில் நட்டுவிட்டுப் போகிறவர். அவருக்கு அங்கே ஓர் அங்குல நிலமும் சொந்தமில்லை. ஒரு பக்கம் காட்டைக் கூறு போட்டுக் கொடுத்துக்கொண்டே மறுபக்கம் இவரோடு சேர்ந்து பூச்செடி நடுகிறான் மேனேஜர். இதை ஆசிரியர் கேலியும் செய்யவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. இதைவிட நேர்மையாக ஒரு மனிதனைக் காட்ட முடியுமா என்று தெரியவில்லை.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். பழங்குடி ராஜ வம்சத்துப் பெண் பானுமதி வரும் பக்கங்களில் நடை கொஞ்சம் இளகிவிடுகிறது. அந்தப் பெண்ணைவிட அவளைப் பார்த்து நெகிழும் பாபுவின் மனசுதான் அங்கே அதிகம் தெரிகிறது. ஆனால் ஒரு பெரிய சறுக்கலிலிருந்து நாவல் தப்பித்துவிட்டது. காட்டை வெட்ட வருகிறவர்களை அது வில்லன்கள் ஆக்கவில்லை. சோளமும் கேசரிப் பருப்பும் விளைவித்து வயிறு கழுவ வந்தவர்கள்தாம் அவர்களில் அநேகர். அரிசிச் சோற்றை விருந்தாக நினைக்கிற ஜனங்கள். அவர்களுக்கு நிலம் வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? மெஸ் பாக்கிக்காகக் காட்டுக்கு வந்தவன் அதைச் சொல்ல முடியாது. அவனும் சொல்லவில்லை. வன தேவதைகளிடம் மன்னிப்பு மட்டும் கேட்டுக்கொள்கிறான்.

அந்த ஜனங்கள் நம்புகிற தெய்வங்களில் ஒன்று காட்டெருமைகளின் காவல் தெய்வம். வேடர்கள் வெட்டிய பள்ளத்தை நோக்கி மந்தை ஓடி வரும்போது, குறுக்கே நின்று கையை உயர்த்தித் தடுக்குமாம். காட்டில் இருந்தபோது சத்தியசரண் இதைக் கதையாகத்தான் கேட்டான். காட்டை விட்டு வந்து வெகுகாலம் கழித்து, கல்கத்தாத் தெருவில் ஒரு நாள், பாரம் இழுக்க மாட்டாத எருமையை வண்டிக்காரன் சாட்டையால் அடிப்பதைப் பார்க்கிறான். அந்தத் தெய்வத்தின் நினைவு வருகிறது. இது காடு அல்லவே, அந்தக் கை இங்கே எப்படி எட்டும் என்று நினைத்துக்கொள்கிறான்.