குமிழி பார்க்கும் வேலை

நாமக்கல்லில் லாரிக்குப் பஞ்சர் ஒட்டுபவர் டியூபில் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கித் திருப்பிக்கொண்டே வருவாரே, நுரையீரல் அறுவை சிகிச்சையிலும் அதே வித்தைதான். கெட்ட பகுதியை வெட்டி எடுத்தபின் நெஞ்சுக்கூட்டுக்குள் வெதுவெதுப்பான உப்புநீரை ஊற்றுகிறார்கள். சுருங்கிக் கிடக்கும் நுரையீரலுக்குள் மயக்க மருத்துவர் மெல்லக் காற்றை ஏற்றுகிறார். அழுத்தம் 20 முதல் 30 செ.மீ. நீர் அளவு, மிஞ்சினால் நல்ல திசுவும் கிழியும். கரும்புள்ளி விழுந்த இளஞ்சிவப்பு மடல் விரிகிறது. தையலோரம் ஊசிமுனையளவு குமிழி ஒன்று, பின்னாலேயே இன்னொன்று.

எனக்குப் பிடித்தது அடுத்து வரும் நிதானம். கண்ட குமிழியையெல்லாம் தைக்கப் பாய்வதில்லை. ஊசி போன துளையே புதுக் கசிவாகிவிடும். பெரிய ஓட்டைக்கு மெல்லிய தையல். பரவலாகக் கசிந்தால் ஃபைப்ரின் பசை. பொடிக் கசிவு தானே அடைபடும் என்று கையை எடுத்துக்கொள்வதற்கும் அனுபவம் வேண்டும், அதுதான் கடினம் என்றுகூடச் சொல்வேன்.

மிச்சத்தைக் கட்டிலடி பாட்டில் பார்த்துக்கொள்ளும். ஹாம்பர்க் மருத்துவர் பியூலாவ் 1891-இல் எழுதி வெளியிட்ட ஏற்பாடு அது. நெஞ்சிலிருந்து வரும் குழாயின் நுனி பாட்டில் தண்ணீருக்குள் முங்கியிருக்கும். காற்று வெளியேறும், திரும்பி நுழையாது.

"எங்க, நல்லா ஒருக்கா இருமுங்கய்யா" என்பார் நர்ஸ். குமிழி வராமல், எக்ஸ்ரேயும் சரியாக இருந்தால் குழாயை எடுக்க நாள் குறிப்பார்கள்.