ஒத்திகையிலேயே தோற்ற ஆட்டம்

ஆங்கில இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கர் காற்பந்துப் பைத்தியம். வுல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸ் அணியின் ஆட்டம் பற்றிச் செய்தித்தாளில் வந்த ஒரு வரிக்கு 1898இல் மெட்டே போட்டவர். பயிற்சியில்லாத அணி என்னவாகும் என்பது அவருக்குத் தெரியாததா என்ன? ஆனால் 1919 அக்டோபர் 27 அன்று லண்டன் குயின்ஸ் ஹாலில் அவரே அப்படி ஓர் அணியோடுதான் இறங்கவேண்டியிருந்தது.

அன்று அரங்கேறியது அவருடைய செல்லோ கான்செர்ட்டோ, அதாவது தனி செல்லோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு. வாசித்தவர் பெலிக்ஸ் சால்மண்ட், உடன் லண்டன் சிம்பொனி இசைக்குழு. தன் படைப்பை எல்கரே நடத்தினார். மற்ற உருப்படிகளை நடத்தியவர் ஆல்பர்ட் கோட்ஸ். எல்கருக்கு ஒதுக்கிய ஒத்திகை நேரத்தையும் கோட்ஸ் தன் உருப்படிகளுக்கே விழுங்கிவிட்டார். சால்மண்டின் உழைப்பு வீணாகக்கூடாதே என்றுதான் எல்கர் விலகாமல் மேடையேறினார். கச்சேரி எடுபடவில்லை.

இது ஒத்திகைக் குறையைப் பொறுக்காத படைப்பு. செல்லோவின் கனத்த குரலை இசைக்குழு எளிதில் மூழ்கடித்துவிடும். அதனால் எல்கர் பல இடங்களில் வாத்தியங்களை அடக்கி, இரண்டொன்றை மட்டும் பதில் சொல்ல விட்டிருக்கிறார். இரண்டாம் பகுதியில் வில் துள்ளித் துள்ளி ஓடும். ஒருவர் கால் நொடி பிந்தினாலும் கடைசி வரிசைவரை தெரிந்துவிடும். முழுக்குழுவும் முழங்கும் சிம்பொனியில் தப்பை ஒளித்துவிடலாம். இங்கே எங்கே ஒளிப்பது?

அரங்கேற்றத்துக்கு அடுத்த ஆண்டே எல்கரின் மனைவி ஆலிஸ் இறந்தார். 1934இல் தான் இறக்கும்வரை இதற்கு நிகரான பெரிய படைப்பு எதையும் எல்கர் முடிக்கவில்லை.

1919இன் அந்த அரங்கேற்றத்தில் செல்லோ வரிசையில் ஒருவராக உட்கார்ந்து வாசித்த 19 வயதுப் பையன் ஜான் பார்பிரோலி. 1965 ஆகஸ்டில் லண்டன் கிங்ஸ்வே ஹால் ஒலிப்பதிவில், அதே இசைக்குழுவை அவர் நடத்த, 20 வயது ஜாக்லின் டு ப்ரே செல்லோ வாசித்தார். கதையே மாறியது. தொடக்க ஸ்வரக்கட்டுகளிலேயே டு ப்ரே வில்லை அழுத்தி இழுக்கிறார். மெதுவான இடங்களில் அவசரமே இல்லை. நோய் தாக்கி 28 வயதில் மேடையை விட்டவர் அவர். அதை மனத்தில் வைத்துக் கேட்பவர்கள் சோகத்தைக் கொஞ்சம் கூட்டியே கேட்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

காரணம், செல்லோ கலைஞர் பியாட்ரிஸ் ஹாரிசனோடு எல்கர் தானே நடத்திய 1928 ஒலிப்பதிவு இருக்கிறது. அதில் இத்தனை இழுவை இல்லை, விறுவிறுவென்று நகர்கிறது. எழுதியவரே நடத்திய வேகம் அது. ஆனாலும் என் ஓட்டு டு ப்ரேவுக்கே. நீங்கள் 1928ஐ முதலில் கேட்டுவிட்டு 1965க்கு வாருங்கள்.