கேட்ட செவியும் காக்கும் கையும்

வரலாறும் கலையும் பற்றிய நல்ல உரை ஒன்றைக் கேட்கவேண்டுமெனில், முன்பெல்லாம் நம் கடற்கரை மக்கள் பெருநகரத்துக்குப் பயணம் போகவேண்டியிருந்தது. 2020-இல் பெருந்தொற்று மன்றங்களின் கதவுகளை அடைத்தபோது, பண்பாட்டு அமைப்புகள் பல தம் உரைகளை இணையத்துக்கு மாற்றிக்கொண்டன. தொற்று தணிந்த பின்னும் அப்பழக்கம் நிலைத்துவிட்டது. சென்னையின் தமிழ்ப் பாரம்பரிய அறக்கட்டளை போன்ற அமைப்புகளின் உரைகளை இன்று மணப்பாட்டில் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தே கேட்கலாம். மாலைத் திருப்பலி முடிந்த பின் நானும் பல உரைகளைக் கேட்டு வருகிறேன். கேட்டவன் என்ற முறையில் நன்றியையும் குறையையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

முதலில் நன்றி. முத்துக்குளித்துறையின் தலையாய சான்றுகள் பல முத்துக்குளித்துறையில் இல்லை. அண்டிரிக் அடிகளார் என நாம் போற்றும் ஹென்றிக் ஹென்றீகஸ் 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கங்கள் கொண்ட சிறுநூல். தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்துள்ள நூல்களுள் அதுவே முதலாவது. அதன் படி அமெரிக்காவில் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் உள்ளது. 1586-இல் வெளிவந்த 'அடியார் வரலாறு' வத்திக்கான் நூலகத்தில் உள்ளது. அவர் எழுதிய தமிழ் இலக்கணத்தின் கையெழுத்துப்படி லிஸ்பன் நகரில் உள்ளது. நம் முன்னோர்க்கென எழுதப்பட்ட பக்கங்களை நாம் காண மூன்று நாடுகளுக்குச் செல்லவேண்டும். அந்தத் தொலைவை இணையவழி உரை ஒரு மாலைப்பொழுதில் கடக்கிறது. கல்லூரிப் படிப்பில்லாத மீனவரும் அறிஞர் ஒருவரின் வாழ்நாள் உழைப்பைக் கட்டணமின்றிப் பெறுகிறார். இது சிறிய கொடையன்று.

ஆயினும் இவ்வுரைகளை அளக்க நம்மிடம் ஓர் அளவுகோல் உண்டு. அதைத் தந்தவர் தனிநாயகம் அடிகளார். 1948-இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவியவர் அவர். தமிழின் சிறப்பை நாடு நாடாகச் சென்று எடுத்துரைத்தார். ஐரோப்பிய நூலகங்களில் உறங்கிக் கிடந்த பழைய தமிழ் அச்சுநூல்களைத் தேடிக் கண்டு உலகறியச் செய்தார். அந்தத் தேடல் செய்தியாகக் காற்றில் கரைந்துவிடவில்லை. இராசமாணிக்கம் அடிகளார் பதிப்பிக்க, 'அடியார் வரலாறு' 1967-இல் தூத்துக்குடியில் மீண்டும் அச்சேறியது. உரை நூலாயிற்று, நூல் மக்கள் கைக்கு வந்தது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் மூன்று குறைகள் தென்படுகின்றன.

முதலாவது, நான் கேட்டவரை, பாதுகாத்தல் என்பது உரையின் வாலாகவே வருகிறது. அரசர், ஆண்டு, சிற்ப அழகு ஆகியவற்றுக்கு ஒரு மணி நேரம். காப்பதற்குக் கடைசிப் பத்து நிமிடம், அதிலும் பாதி பெருமூச்சு. அந்தப் பத்து நிமிடத்தின் விலை எனக்குத் தெரியும். பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய கடற்கரைப் பங்கு ஒன்றில் சுண்ணாம்புக் காரையால் கட்டிய சிற்றாலயம் ஒன்று இருந்தது. சுவரில் உப்புப் பூத்தது. நல்லெண்ணத்தோடு சிமெண்டுப் பூச்சுப் பூசினோம். சில மழைக்காலங்களில் பூச்சு தகடு தகடாக உதிர்ந்தது. உள்ளிருந்த கல்லும் பொடிந்தது. "பழைய சுவர், இனித் தாங்காது" என்றது பங்குப் பேரவை. இடிக்கும் தீர்மானத்தில் நானும் கையொப்பமிட்டேன். பின்னாளில் ஓர் உரையின் இறுதியில்தான் உண்மையை அறிந்தேன். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும்; சிமெண்டு அதை உள்ளேயே அடைத்துவிடும்; அடைபட்ட உப்பு படிகமாகித் திரண்டு கல்லை உடைக்கும். சுவரைக் கொன்றது எங்கள் மருந்துதான்.

இழந்ததை மீண்டும் கட்டவும் இயலாது. மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகளை வெட்டிக் கல்லாகவும் சுண்ணாம்பாகவும் ஆக்கிய காலம் போயிற்று. இன்று சட்டம் அதைத் தடுக்கிறது; கரைந்துவரும் வான்தீவைக் கண்டவர் அத்தடையைக் குறைகூறமாட்டார். எனவே எஞ்சியுள்ள ஒவ்வொரு பழஞ்சுவரும் மாற்று இல்லாதது. சிப்பிச் சுண்ணாம்பால் அதைப் பழுதுபார்க்க முடியும். அந்தக் கைத்தொழிலை அறிந்த கொத்தனாரை எந்த உரையிலும் நான் காணவில்லை.

இரண்டாவது குறையும் அதன் தொடர்ச்சியே. நம்மைப் பற்றிப் பேசுகிறார்கள், நாம் பேசுவதில்லை. தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோயிற்று. அன்று இருபது வயதில் மூச்சடக்கிப் பாரிலே இறங்கியவர் இன்று எண்பதைக் கடந்துவிட்டார். முத்துக்குளிப்பைப் பற்றி வெளிநாட்டார் எழுதிய குறிப்புகள் திரையில் விரிகின்றன. குளித்தவரோ பக்கத்துத் தெருவில் கேட்பாரின்றி இருக்கிறார். இதற்கு உரையாளரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவரை அழைத்து ஒலிப்பதிவு செய்யவேண்டியவர்கள் நாம்.

மூன்றாவது, இவ்வுரைகளைத் தனித்தனியாகக் கேட்கிறோம். ஆளுக்கொரு கைப்பேசி, ஆளுக்கொரு வியப்பு. வியப்பு மறுநாள் அடுத்த உரைக்குத் தாவிவிடுகிறது. விவிலிய மரபில் நினைவுகூர்தல் தனியொருவரின் மனத்துக்குள் முடிவதில்லை. பாஸ்கா இரவில் குடும்பம் கூடி உண்டது, குழந்தை கேட்டது, மூத்தவர் விடை சொன்னார். நற்கருணையும் அவ்வாறே: சபை கூடுகிறது, அப்பம் பிடப்படுகிறது, நினைவு செயலாகிறது. செயலாகாத நினைவை நம் மரபு முழு நினைவென்று ஏற்பதில்லை.

ஆதலால் ஒரு வேண்டுகோள். மாதம் ஒருமுறை பங்கு மன்றத்தில் கூடி ஓர் உரையை அனைவரும் சேர்ந்து கேட்போம். கேட்டு முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நம் ஆலயச் சுவரண்டை செல்வோம். எங்கே உப்புப் பூத்திருக்கிறது என்று பார்ப்போம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியதை மறவாமல், திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைப்போம். எந்தச் சுவரையும் இடிக்குமுன் சுண்ணாம்பு அறிந்த ஒருவரை அழைத்துக் காட்டுவோம்.

நான் கையொப்பமிட்ட அந்த இடத்தில் இன்று அகன்ற, வெளிச்சமான புதிய ஆலயம் நிற்கிறது. மக்கள் மகிழ்ச்சியோடுதான் செபிக்கிறார்கள். ஆயினும் அங்கே திருவிழாத் திருப்பலிக்குப் போகும்போதெல்லாம், பழைய வாசற்படி இருந்த இடத்தில் என் கால்கள் சற்றே தயங்குகின்றன. அந்தத் தயக்கம் இன்னொரு பங்குத்தந்தைக்கு வாய்க்கவேண்டாம் என்பதற்காகவே இதை எழுதினேன்.