போதிதருமரும் நுரைச்சோலைக் கரையும்

வானிற் பறந்து வாள் வீசும் வீரர்களின் படங்களைப் பற்றி இலக்கிய ஏடொன்றில் எழுதத்தான் வேண்டுமா என்று நம் வாசகர்களிற் சிலர் கேட்கக்கூடும். எழுதத்தான் வேண்டும். மக்கள் திரளாகச் சென்று பார்ப்பதை முகஞ்சுளித்து ஒதுக்கும் விமரிசனம் பண்டிதர்களுக்கு உகந்ததாகலாம், நமக்கு உகந்ததன்று.

சீனத்தில் இவ்வகைப் படங்களின் மீது பெரும் மோகத்தை மூட்டியது, 1928இல் ஷாங்காயில் வெளிவந்த 'செந்தாமரைக் கோயில் எரிந்தது' என்னும் படம். 1931க்குள் அதன் பதினெட்டுப் பாகங்கள் வெளிவந்தன. அவ்வாண்டிலேயே கோமிந்தாங் அரசு அதனைத் தடைசெய்தது. முற்போக்கு நாவலாசிரியர் மாவோ துன் 1933இல் எழுதிய கட்டுரையொன்றில் அப்படத்தை நிலப்பிரபுத்துவச் சரக்கென்று சாடினார். ஆனால் அவருடைய கண் கூர்மையானது. கொட்டகையில் எழுந்த கைதட்டல் ஹூ டியே என்னும் புகழ்பெற்ற நடிகைக்காக அன்று, அவர் ஏற்ற வீராங்கனைக்காகவே எழுந்தது என்பதை அவர் குறிக்கத் தவறவில்லை. (நம்மூர்க் கொட்டகைகளில் நிலைமை தலைகீழ் என்பதை விளக்கத் தேவையில்லை.) சட்டத்திடம் நீதி கிடைக்காதவன் தனக்காக வாளேந்தும் ஒருவனைக் கற்பனையில் தேடுகிறான். அந்தத் தேட்டம் பழமையானது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வரலாற்றாசிரியர் ஸ்மா சியென் அத்தகைய நாடோடி வீரர்களுக்கென ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார்.

அத்தேட்டத்தின் சிறந்த வடிவத்தை 1978இல் ஹாங்காங்கில் லாவ் கர்-லியூங் இயக்கிய 'ஷாவோலினின் 36ஆவது அறை'யில் காண்கிறோம். மஞ்சு ஆட்சியின் கொடுமைக்குத் தப்பிய மாணவன் ஒருவன் மடத்தில் அடைக்கலம் புகுகிறான். அவன் கற்கும் வித்தையோ முழுக்க முழுக்க உழைப்பு. கைகளைத் தாழ்த்தினால் விலாவிற் குத்தும் கத்திகளைக் கட்டிக்கொண்டு தண்ணீர் சுமக்கிறான். நீரில் மிதக்கும் கட்டைகளைக் கடந்தாலன்றி அவனுக்குச் சோறில்லை. முப்பத்தைந்து அறைகளையும் கடந்தபின் அவன் கேட்பது பதவியன்று. மடத்துக்கு வெளியேயுள்ள எளிய மக்களுக்கு இவ்வித்தையைக் கற்பிக்க முப்பத்தாறாவது அறையொன்று வேண்டும் என்பதே. படத்தின் உயிர்நாடி இக்கோரிக்கையிலேயே இருக்கிறது.

இனி, 2011 தீபாவளிக்கு வெளிவந்த '7ஆம் அறிவு' படத்துக்கு வருவோம். ஏ. ஆர். முருகதாஸ் இயக்க, சூர்யா இரட்டை வேடத்தில் நடித்த படம். காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் போதிதருமர் சீனம் சென்று நோய் தீர்த்து, போர்க்கலையும் கற்பிக்கிறார். பதினைந்து நூற்றாண்டுகளுக்குப் பின், அவர் வழிவந்த சர்க்கஸ் கலைஞன் ஒருவனின் மரபணுவைத் தூண்டிவிட்டால் அத்தனை வித்தையும் விழித்துக்கொள்கிறது! அங்கே ஒருவன் ஆண்டுக்கணக்கில் நீர் சுமந்து பெற்றதை இங்கே ஒருவன் இரத்தத்திலேயே பெற்றுவிடுகிறான். உழைப்பின் இடத்தில் பிறப்பை வைக்கும் இக்கற்பனையை அறிவியல் என்று நாம் ஏற்பதற்கில்லை. அது வருணாசிரமத்தின் புதிய உடுப்பு.

வரலாறோ வேறு சங்கதி சொல்கிறது. போதிதருமரைக் குறிக்கும் மிகப் பழைய சீன நூல்களுள் ஒன்று, 547ஆம் ஆண்டளவில் எழுதப்பட்டது, அவரைப் பாரசீகர் என்கிறது. சீடர் தான்லின் பெயரால் வழங்கும் குறிப்போ அவரைத் தென்னிந்திய அரசனொருவனின் மூன்றாம் மகன் என்கிறது. இரண்டிலும் குத்துச்சண்டை இல்லை. அவர் பெயரில் ஒரு பயிற்சி நூல் தோன்றியது 17ஆம் நூற்றாண்டில். அது பிற்காலப் புனைவு என்பதைத் தாங் ஹாவ் என்னும் சீன ஆராய்ச்சியாளரே நிறுவினார். ஆக, தமிழனின் தனிச்சொத்தென்று படம் மார்தட்டும் குங்ஃபூ ஆசான் சீன மக்களின் கற்பனையில் உதித்தவர். கடன் வாங்கிய பொருளைக் காட்டியே கடன் கொடுத்தவனைத் திருடன் என்பது எவ்வகை நியாயம்?

இக்கேள்வி எங்கள் புத்தளக் கரையில் வெறும் திரைவிமரிசனமன்று. உடப்பில் ஆடி மாதத்தில் திரௌபதை அம்மனுக்குத் தீமிதிப்போர் தமிழ் பேசுகின்றனர். கற்பிட்டி முஸ்லிம்களும், 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு இங்கே குடியேறிய முஸ்லிம்களும் தமிழே பேசுகின்றனர். சிலாபக் கரையில் முன்னோர் தமிழில் செபித்திருக்க, பள்ளியிற் சிங்களம் கற்றுச் சிங்களவராகிவிட்ட கத்தோலிக்க மீனவர் குடும்பங்கள் பல. மரபணுவிலே தமிழைத் தேடப் புறப்படுவோர் இவர்களுள் யாரைச் சேர்ப்பர், யாரைத் தள்ளுவர்? விரட்டப்பட்டவர்களின் தாய்மொழி அவர்களைக் காக்கவில்லை என்பது மட்டும் நமக்குத் தெரியும்.

படத்தின் பகைவன் நோக்கினாலேயே ஆளை மயக்கும் சீனன். நோயைப் பரப்பிப் பின் மருந்து விற்பது அவன் நாட்டின் சதி. அந்த 2011ஆம் ஆண்டிலேதான் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் முதற்கட்டம் இயங்கத் தொடங்கியது. சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் கடனில், சீன நிறுவனம் கட்டியது. 2014இல் 900 மெகாவாட்டாக நிறைவுற்றது. மீனவரும் தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்தைச் சார்ந்தோரும் முன்னரே அதனை எதிர்த்து நின்றனர். கரித்தூளும் சாம்பலும் தோட்டங்களிற் படிவதாக விவசாயிகள் முறையிட்டனர். இங்கே மாயக்கண் படைத்த எவனும் வரவில்லை. கொழும்பில் ஆண்டவர்கள் தெளிந்த அறிவோடு கையெழுத்திட்டார்கள். மின்சாரம் நாட்டுக்கெல்லாம் போயிற்று, சாம்பல் இங்கேயே தங்கிற்று. நிலையத்தைக் கட்ட வந்த சீனத் தொழிலாளியும் அந்த ஒப்பந்தத்தைக் கண்ணாற் கண்டவனல்லன்.

கற்பிட்டி, நுரைச்சோலைப் பள்ளிகளின் ஆசிரியர்கள் இவ்விரு படங்களையும் அடுத்தடுத்து மேல்வகுப்பு மாணவர்க்குக் காட்டி விவாதிக்கச் செய்யலாம். தூரத்தே தெரியும் புகைபோக்கியையும் அந்த விவாதத்திற் சேர்த்துக்கொள்ளட்டும்.