ஒயே-எக்கிட்டி பட்டறையும் கிறித்தவத் திருக்கலைப் பயிற்சியும்: ஒரு மதிப்பீடு

முன்னுரை

கிறித்தவத் திருக்கலையைப் படைக்கும் கலைஞருக்கு முதன்மையாக வேண்டுவது சமய நம்பிக்கையா, கைத்திறனா என்னும் வினா 20ஆம் நூற்றாண்டில் பலமுறை எழுந்தது. பாரிசில் 1919இல் மொரீஸ் தெனியும் ஜார்ஜ் தேவாலியேரும் நிறுவிய திருக்கலைப் பட்டறை இரண்டையும் பிரிக்க இயலாதவையாகக் கருதியது. நைஜீரியாவின் யொரூபா பகுதியில், ஒயே-எக்கிட்டி என்னும் ஊரில் 1947 முதல் 1954 வரை இயங்கிய பட்டறையோ அவற்றைப் பிரித்தே பார்த்தது. அப்பிரிப்பு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பயிற்சி முறை

ஆப்பிரிக்க மறைப்பணிச் சங்கத்துக் குருக்களான கெவின் கரோலும் ஷான் ஓ'மஹோனியும் பட்டறையை நடத்தினர். எனினும், செதுக்கக் கற்பித்தவர்கள் அவர்கள் அல்லர். புகழ்பெற்ற மரச்சிற்பி அரியோகுனின் மகன் பண்டேலே ஆசானாக விளங்கினார். சிற்பக் குடும்பத்தில் பிறந்த லமிடி ஃபாகெயே அவரிடம் மாணாக்கராகப் பயின்றார். லமிடி இசுலாம் சமயத்தவர்.

யொரூபாச் செதுக்கு முறை நான்கு நிலைகளைக் கொண்டது. மரத்தில் பேருருவை வகுப்பது ஓனா லிலே. அதனைச் சிற்றுறுப்புகளாகப் பிரிப்பது அலெதுன்லே. பரப்பை மழமழப்பாக்குவது டிடான். நுண்கோடுகளைக் கீறுவது ஃபிஃபின். இவற்றைப் பதிவு செய்த கரோல், இம்முறையில் எதையும் மாற்றவில்லை. விவிலியக் காட்சிகள் மட்டுமே புதியன; வாய்ச்சியும் கத்தியும் ஆசான்–மாணாக்கர் உறவும் பழையன. பட்டறையின் வலிமை இதுவே.

வடிவமும் பொருளும்

யொரூபாச் சிற்பம் வழிபாட்டுக்கு மட்டும் உரியதன்று, அரண்மனைத் தூண்களிலும் கதவுகளிலும் மனித வாழ்வைக் காட்டுவது. ஆகவே அதன் திறன் கிறித்தவப் பொருளுக்கும் இடந்தரும் என்பது கரோலின் வாதம். ஒரிஷா வழிபாட்டின் சாயலைக் கண்டு அஞ்சிய உள்ளூர்க் கிறித்தவர் இதனை ஏற்கத் தயங்கினர். நம்பிக்கையின் வேரற்ற வடிவம் என்று கலைத் திறனாய்வாளர் சிலர் குறைகூறினர்.

இரு தரப்பும் கவனிக்கத் தவறிய ஒன்றுண்டு. கீழ்த்திசை ஞானியர் பட்டறைச் சிற்பங்களில் யொரூபா அரசர்களாக, மணிமுடி தரித்தவர்களாகத் தோன்றினர். ஓபா எனப்படும் யொரூபா அரசர் பிறரது வணக்கத்தைப் பெறுபவர். அவரே காணிக்கையோடு ஓர் ஏழைக் குழந்தையை நாடி வரும்போது மணிமுடியின் பழைய பொருள் அழிவதில்லை. அது முழுமையாக உணரப்பட்டால்தான் காட்சியின் வியப்பு விளங்கும். எனவே வடிவம் பொருளற்ற வெறுங்கலம் என்பதும் பொருந்தாது. பழைய பொருளிலிருந்து அது மீளவே இயலாது என்பதும் பொருந்தாது.

முடிவுரை

செதுக்கும் கைக்கு நம்பிக்கை முன்நிபந்தனை அன்று என்பதை லமிடியின் பயிற்சி காட்டுகிறது. ஆனால் சிற்பம் திருக்கலையாவது அதன்முன் நிற்கும் சபையின் பார்வையிலேயே. பட்டறை கலைஞரைப் பயிற்றியது. காண்போரைப் பயிற்றும் பணியோ போதிய அளவு நிகழவில்லை. ஏழாண்டுகளில் பட்டறை மூடப்பட்ட பின்னரும் பண்டேலேயும் லமிடியும் தொடர்ந்து செதுக்கினர். லமிடி பிற்காலத்தில் இஃபே பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். ஆகவே கைத்திறன் தொடர்ந்தது. அதனைத் தமதெனக் கொள்ளும் சபையை உருவாக்குவதே எஞ்சிய பணியாயிற்று. திருக்கலைப் பயிற்சியை மதிப்பிடுவோர் பட்டறையோடு நின்றுவிடாமல் ஆலயத்துக்குள்ளும் செல்ல வேண்டும்.