வெள்ளைப் பனியனும் புழுக்கக் காற்றும்

நெடுந்தூரம் ஓடப் பழகும் எவருக்கும் முதல் வாரத்திலேயே கிடைக்கும் அறிவுரை: “வெயிலில் ஓடுவதென்றால் வெள்ளை போடுங்கள்.” சென்னையில் புதிதாக ஓட வருகிறவர்களிடம் நானும் இதைப் பல வருடம் சொல்லியிருக்கிறேன். இப்போது கொஞ்சம் நிதானித்துத்தான் சொல்கிறேன். எந்த ஊர், எந்த நேரம், எந்தத் துணி என்று கேட்காமல் நிறத்தை மட்டும் சொன்னால் அது பாதி அறிவுரைதான்.

அறிவுரை பொருந்தும் இடம் உண்டு. கலிஃபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில் ஜூலை மாதம் நடக்கிறது பேட்வாட்டர் ஓட்டம், 217 கி.மீ. தூரம். 1913இல் 56.7 டிகிரி செல்சியஸ் பதிவான பள்ளத்தாக்கு அது. அங்கே ஓடுகிறவர்களில் பலர் தொளதொளவென்ற வெள்ளை முழுக்கைச் சட்டையும் பிடரியை மறைக்கும் தொப்பியும் அணிகிறார்கள். வறண்ட காற்றில் வியர்வை வந்த வேகத்தில் உலர்ந்து உடம்பைக் குளிர்விக்கிறது. அதற்கு மேல் செய்ய வேண்டியது வெயிலைத் தோலில் படாமல் தடுப்பது. அதை வெள்ளை நன்றாகவே செய்கிறது.

ஆனால் பாலைவனத்திலேயே வாழும் பெதுவின் மக்கள் கறுப்பு அங்கியும் அணிகிறார்களே! இந்தக் கேள்வியோடு ஆய்வாளர் ஷ்கொல்னிக்கும் அவருடைய சகாக்களும் நெகேவ் பாலைவனத்தில் ஒரு மனிதரைக் கறுப்பு அங்கி, வெள்ளை அங்கி என்று மாற்றி மாற்றி அணியவைத்து வெயிலில் நிறுத்தி அளந்தார்கள். முடிவு 1980இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. கறுப்புத் துணி அதிக வெப்பத்தை வாங்கியது உண்மை. ஆனால் அந்த உபரி வெப்பம் தோலை எட்டுமுன்பே, அங்கிக்கும் உடம்புக்கும் நடுவே ஓடிய காற்றோடு போய்விட்டது. உடம்பு பெற்ற வெப்பம் இரண்டிலும் ஒன்றுதான்.

இதைப் படித்துவிட்டு “அப்படியானால் கறுப்பும் பரவாயில்லை” என்று சொல்லும் ஓட்டக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். அது அவசரம். அளக்கப்பட்டவர் நின்றுகொண்டிருந்தார், அங்கியில் காற்று புகுந்து வெளியேற இடம் இருந்தது. நம் பாலியெஸ்டர் பனியன் ஐந்தாவது கிலோமீட்டரில் நனைந்து முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. நடுவே காற்றுக்கு வழியில்லை.

தோராயமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஓடினால் செலவாகும் சக்தி சுமார் 700 வாட்; அதில் பெரும்பங்கு வெப்பமாகவே மாறுகிறது. உச்சி வெயிலில் சூரியனை நேராகப் பார்க்கும் ஒரு சதுர மீட்டரில் சுமார் 1000 வாட் விழுகிறது. பனியனில் வெயிலை நேராக வாங்கும் பரப்பு ஒரு சதுர மீட்டரில் ஐந்தில் ஒன்றுகூட இராது. அதில் ஒரு பகுதியை வெள்ளையும் வாங்கத்தான் செய்கிறது. ஆக, கறுப்புக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் அதிகபட்சம் சுமார் 100 வாட். ஓடும்போது எதிரே வீசும் காற்று அதிலும் ஒரு பகுதியைக் கொண்டுபோகும். காலை வெயிலில் இன்னும் குறைவு.

இதைச் சின்னதென்று தள்ளவும் எனக்கு மனமில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலை ஈரப்பதம் பல நாள் 80 சதவீதத்தைத் தாண்டுகிறது. வியர்வை உலராமல் சொட்டுகிறது; சொட்டும் வியர்வை குளிர்விப்பதில்லை. உடம்பு தன் வெப்பத்தையே வெளியேற்றத் திணறும் நேரத்தில் கூடுதலாக வரும் ஒவ்வொரு வாட்டும் பாரம்தான். ஆனாலும் அங்கே முதல் குற்றவாளி புழுக்கம். வெப்ப அபாயத்தைக் கணிக்கும் டபிள்யூ.பி.ஜி.டி. குறியீட்டில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 சதவீதமும், வெயிலை வாங்கும் கறுப்பு உருண்டைக்கு 20 சதவீதமும் மதிப்பளிக்கிறார்கள். ஈரத்துணி வெப்பமானியும் வெயிலில்தான் இருக்கிறது என்பதால் இவற்றை அப்படியே பங்கு பிரித்துவிட முடியாது. இருந்தாலும் எது முந்துகிறது என்பது தெரிகிறது.

வெள்ளைக்கு இன்னொரு குறையும் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. மெல்லிய வெள்ளைத் துணி நனைந்தால் உள்ளே இருப்பது தெரியும். அதாவது வெயில் ஊடுருவுகிறது. புற ஊதாக் கதிர்களைத் தடுப்பதில் நெருக்கமாக நெய்த அடர்நிறத் துணியே மேல். ஆகவே துணி வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது அது உடம்பில் ஒட்டுகிறதா என்பதை; பிறகு எவ்வளவு மெல்லியது, எவ்வளவு சீக்கிரம் உலர்கிறது என்பதை; நிறம் அதற்கும் பிறகுதான். தொப்பி மட்டும் விதிவிலக்கு. தலை எப்போதும் வெயிலுக்குக் கீழேதான் இருக்கிறது.

நம் ஊர் மாரத்தான்கள் பெரும்பாலும் இருட்டில் தொடங்குகின்றன. அந்நேரம் வெள்ளையின் உண்மையான பயன் வேறு: பின்னால் வரும் லாரி ஓட்டுநரின் கண்ணில் படுவது. வெப்பத்துக்காக அது தேவைப்படுவது வேகமாக ஓடி ஏழு மணிக்குள் முடித்துவிடுகிறவர்களுக்கல்ல. ஒன்பது மணிவரை சாலையில் இருக்கும் மெதுவான ஓட்டக்காரர்களுக்குத்தான். அவர்களுக்கு வெயிலும் அதிகம், எதிர்க்காற்றும் குறைவு.

அவர்களைவிடவும் தேவை அதிகமானவர்கள் தண்ணீர் மேசையருகே நிற்கும் தன்னார்வலர்கள். நான் ஓடிய ஒரு போட்டியில் அவர்கள் அத்தனை பேருக்கும் கறுப்பு டி-ஷர்ட் கொடுத்திருந்தார்கள். அசையாமல், நிழலில்லாமல், நான்கைந்து மணி நேரம். 32ஆவது கிலோமீட்டரில் எனக்குத் தண்ணீர் நீட்டிய மாணவி, இன்னொரு கையால் ஒரு அட்டைப்பெட்டி மூடியைத் தலைக்கு மேல் பிடித்திருந்தார். போட்டி முடிந்ததும் ஏற்பாட்டாளர்களுக்கு எழுதினேன்: அடுத்த முறை அவர்களுக்கு வெள்ளை கொடுங்கள், மேசைக்கு மேல் ஒரு பந்தலும் போடுங்கள்.