வில்லும் விலவும்

புத்தளத்துக்கு வடக்கேயுள்ள வண்ணாத்திவில்லு என்னும் ஊர்ப்பெயரின் ஈற்றுச்சொல்லை நம்மவருட் பலர் 'வளைந்த வில்' என்றே விளக்குவர். (வண்ணாத்தி சலவைப்பெண்ணோ, வண்ணாத்திப்பூச்சியோ, அது வேறு வழக்கு.) கேட்க இனிக்கும் இவ்விளக்கம் பொருந்துவதன்று. இப்பகுதியில் வில்லு என்பது மணல்மேடு சூழ்ந்த பள்ளத்தில் மழைநீர் தானே தேங்கும் நீர்நிலை. மனிதர் கட்டிய அணை அதற்கில்லை. வில்லாக வளைவது குளக்கட்டே. வடிவமே காரணமாயின் குளமன்றோ வில்லெனப் பெயர் பெற்றிருக்க வேண்டும்?

சிங்களத்தில் 'வில' என்றாற் பொய்கை. அயலிலுள்ள வில்பத்துக் காட்டில் காளிவில்லு, பணிக்கர் வில்லு என்னும் தமிழ் வடிவங்களும் கும்புக்வில, நெலும்வில என்னும் சிங்கள வடிவங்களும் ஒருங்கே வழங்குகின்றன. இதனைக் கொண்டு கொக்குவில், இணுவில் முதலிய யாழ்ப்பாணத்து ஊர்களைச் சிங்களவரின் பழங்குடியிருப்புகள் என ஒரு சாரார் சாதிப்பதும், அதற்கஞ்சி மறுசாரார் வில்லையும் அம்பையும் தூக்குவதும் 1910களிலிருந்தே நிகழ்வன. இருசாராரும் சொல்லைக் காணி உறுதியாக்குகின்றனர்.

'ஷோ' என ஒலிக்கும் ஒரே சொல் சுவீடனிற் பெரும்பாலும் ஏரியையும், நோர்வேயிற் பெரும்பாலும் கடலையும் சுட்டும். அதைக்கொண்டு எவரும் எல்லைக்கல் நாட்டுவதில்லை. அவை உடன்பிறந்த மொழிகள். தமிழும் சிங்களமும் அவ்வாறல்ல. ஆயினும் ஒரே நீர்த்துறையிற் புழங்கியோர்க்குச் சொல் பொதுவாதல் இயல்பே.

இவ்வூரைச் சிங்களவர் 'வனாத்தவில்லுவ' என்பர். 'வில' இருக்கவும் லகரம் இரட்டித்தது ஏன்? தமிழர் நாவிற் புழங்கிய வடிவமே சிங்களத்துக்கு மீண்டதெனக் கொள்கிறேன். பொலன்னறுவைப் பக்கத்து மகாவலிச் சமவெளியில், ஹந்தபான் வில்லு என்னும் பெயரிலும் அதே இரட்டை லகரம் நிற்கிறது.